இங்கே குளி

மே 17, சனி

வெயில். ஃபேன் ஓடுகிறது, காற்று மட்டும் லீவு. நாளை திருச்செந்தூர், அக்கா மகனுக்கு மொட்டை. ஸ்ரீவில்லிபுத்தூரில் அத்தை வீட்டாரை ஏற்றிக்கொண்டு வேன் காலை ஐந்து மணிக்கு ராஜபாளையம் வரும்.

எடுத்து வைக்க: சீப்பு. சார்ஜர். மாற்றுத் துணி. மஞ்சள் ஷால், புதுசு. ரப்பர் பல்லி (மன்னாருவின் சட்டைக்குள் போட).

மன்னாரு என்றால் ரெங்கமன்னார், அத்தை மகன். காலேஜில் முதல் வருஷம் முடித்துவிட்டான். என்னைவிட இரண்டு வயது மூப்பு என்பதால் மரியாதை வேண்டுமாம். சாயங்காலம் போன்.

"ஏட்டி வாலு, நாளைக்கு அம்புட்டு பேரும் இருப்பாவ. ஒரு தடவையாச்சும் அத்தான்னு கூப்பிடு."

"அதான்."

"என்ன அதான்?"

"அத்தான்ல ஒரு 'த்' கொறச்சிருக்கேன். நீ ஒழுங்கா இருந்தா அடுத்த வருஷம் சேர்த்துக் குடுப்பேன்."

அம்மா சத்தம் போடுகிறாள், படுக்கணுமாம். நாலு மணிக்கு எழுப்புவாளாம். எழுப்பட்டும், பார்க்கலாம்.

மே 24, சனி

மேகம். மழை இல்லை.

மன்னாரு இறந்து ஆறு நாள் ஆகிறது. இந்த வரியை எழுதவே இவ்வளவு நேரம்.

போலீஸ்காரர் கேட்டபோது "குளிக்க எறங்கினான், இழுத்துட்டுப் போயிருச்சு" என்று மட்டும் சொன்னேன். மீதியை இந்த நோட்டில்.

மொட்டை முடிந்து திரும்பும் வழியில் கடற்கரையை ஒட்டி ஒரு தோப்பு. சாப்பிட வேனை நிறுத்தினார்கள். கட்டுச்சோறு, புளியோதரை. நானும் அவனும் முதலில் தின்று முடித்தோம். "கால நனைச்சிட்டு வாரோம்." அம்மா: "கால மட்டும்."

மணல்மேட்டுக்கு அந்தப் பக்கம் கடல். குளிக்கிறவர்கள் யாரும் இல்லை. தூரத்தில் மூன்று பேர் வலை பிரித்துக்கொண்டிருந்தார்கள். மேட்டை இறங்கினதும் துருப்பிடித்த கம்பியில் ஒரு தகரப் பலகை.

இங்கே குளிக்காதீர்.

அவ்வளவுதான். ஏன் என்று இல்லை. எனக்கு எழுத்தைப் பார்த்தால் கை சும்மா இருக்காது. ஷாலைக் கழற்றிப் பலகையின் பின்பாதியில் போட்டேன்.

இங்கே குளி.

மன்னாரு மணலில் உட்கார்ந்து சிரித்தான். பிறகு எழுந்து பலகைக்குக் கீழே நின்று, மாநாட்டில் பேசுகிறவர் மாதிரி ஒரு கையை நீட்டினான். போட்டோ எடுத்தேன். மணி 1.52. போன் சொல்கிறது.

ஷாலை எடுக்க மறந்துவிட்டேன் என்று எழுதலாம். மறக்கவில்லை. அடுத்து வருகிறவர்களும் படித்துச் சிரிக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

இரண்டு பக்கமும் அலை நுரைத்து நுரைத்து விழுகிறது. நடுவில் ஒரு துண்டில் மட்டும் அலையே இல்லை. மழை முடிந்த கண்மாய் மாதிரி, கொஞ்சம் கறுத்து, பேசாமல் கிடந்தது. அதைக் காட்டினது நான்.

"அங்க எறங்குலே. அலையும் இல்ல, அலைச்சலும் இல்ல."

"ஆழமா இருந்தா?"

"கிணத்துல மோட்டார் ரூம் மேல இருந்து குதிக்கிறவனுக்கு ஆழமா? இது உன் கடலுலே. புஸ்தகத்துலயே போட்டிருக்கு, மன்னார் வளைகுடான்னு. பட்டாவே உன் பேருலதான்."

"அப்ப நீ எங்கிட்ட அனுமதி வாங்கிட்டுத்தான் கால நனைக்கணும்" என்றான். சட்டையைக் கழற்றி என் தலையில் எறிந்துவிட்டு ஓடினான்.

நான் சட்டையை விலக்கிவிட்டுப் பார்க்கும்போது இடுப்பளவில் நின்றான். அடுத்த பார்வையில் தலை மட்டும். அதுவும் தூரத்தில். வேகமாக நீந்திக் காட்டுகிறான் என்று நினைத்துக் கை தட்டினேன்.

"காயத்ரீ" என்று கூப்பிட்டான். வாலு என்று இல்லை. அதில்தான் தெரிந்தது.

மே 25, ஞாயிறு

இதே நேரம் போன ஞாயிறு. மணி பார்க்கக் கூடாது என்று கடிகாரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருக்கிறேன்.

விட்ட இடத்திலிருந்து.

எங்கள் தோட்டத்துக் கிணற்றில் நீச்சல் பழகிய எல்லோருக்கும் ஒரே பாடம். மூச்சு வாங்கினால் நேராகச் சுவரைப் பிடி. கிணற்றில் எங்கே போனாலும் பத்து கைவீச்சில் ஒரு சுவர் வந்துவிடும். அதனால் நான் கரையில் நின்று கத்தினேன். "நேரா வாலே! நேரா வா! என்னயப் பாத்து வா!" அவனும் என்னையே பார்த்துக்கொண்டு நேராகத்தான் நீந்தினான். கை வீசுகிறான், வீசுகிறான், நின்ற இடத்திலேயே நிற்கிறான். பிறகு பின்னால் போகிறான்.

நான் பிறந்ததிலிருந்து சொன்ன எதையும் கேட்காதவன்.

வலை பிரித்தவர்கள் படகைத் தள்ளிக்கொண்டு போனார்கள். அதற்குள் தோப்பிலிருந்து எல்லோரும் ஓடி வந்துவிட்டார்கள். தூக்கி வந்து மணலில் கிடத்தி நெஞ்சை அழுத்தி அழுத்திப் பார்த்தார்கள். அத்தை அலறல். எழுத மாட்டேன்.

படகில் போன பெரியவர் என் பக்கத்தில் வந்து நின்றார். மேல் எல்லாம் தண்ணீர் சொட்டுகிறது.

"ஏம்மா, அலை அடிக்காத எடமாப் பாத்தா எறங்குவாவ? ரெண்டு பக்கமும் கரைக்கு வந்த தண்ணியெல்லாம் அந்த வழியாத்தான் திரும்பப் போவும். வாய்க்கா மாதிரி. ஆள அடிக்கு இழுக்காது, வெளிய இழுக்கும். அதை எதுத்து நீந்துனா யானைக்கும் மூச்சு போயிரும். கரையோரமாவே பக்கவாட்டுல நீந்தி, அலை அடிக்கிற எடத்துக்கு வந்துட்டா அலையே தள்ளிக் கொண்டாந்து விட்டுரும். முடியலன்னா மல்லாக்க மெதந்துக்கிட்டுக் கையத் தூக்கணும். நாங்க வந்திருப்போம்லா."

துண்டைப் பிழிந்துவிட்டு: "போர்டு இருக்குல்லா. படிச்ச பிள்ளைகதான நீங்க?"

இதை வேறு யாரும் கேட்கவில்லை.

இரவு வீட்டில் அம்மா: "ஷால் எங்கட்டி?" கடலில் போய்விட்டது என்றேன்.

மே 27, செவ்வாய்

காலையில் தூறல். அம்மாவோடு மடவார் வளாகம், அத்தை வீடு. பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைத்தது. அதற்குக்கூட அழுகை.

துக்கம் கேட்க வந்தவர்கள் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் குரலைத் தாழ்த்தித்தான் பேசினார், ஆனால் கேட்டது. "கிணத்துல நீந்துன தைரியம். இந்தக் காலத்துப் பயலுவ எதச் சொன்னாக் கேக்கானுவ?"

மாமா உள்ளே இருந்து வந்தார். பத்து நாளில் சட்டை இரண்டு சைஸ் பெரிதாகிவிட்டது.

"அண்ணாச்சி, எம்பிள்ளை அப்பிடி இல்ல. ஒர்க் ஷாப்புல ஸ்பானர் எடுக்கக்கூட எங்கிட்ட கேட்டுட்டுத்தான் எடுப்பான். போர்டு இருந்தா எறங்கிருக்க மாட்டான். ஓடி வாரப்ப நாந்தான் பாத்தேன்லா. அந்தக் கரையில போர்டுன்னு ஒண்ணு கெடையாது. ஒரு கம்பியில யாரோ மஞ்சத் துணி காயப் போட்டிருந்தாவ. அம்புட்டுதான்."

காயப் போட்டது காயத்ரி.

இப்படி ஒரு வரி அந்த நேரத்திலும் என் தலைக்குள் வந்தது. தானாக. வாயையாவது மூடிக்கொள்ளலாம்.

கிளம்பும்போது மாமா கூப்பிட்டார். "தாயி, உன் கையெழுத்து நல்லாருக்கும். கலெக்டருக்கு ஒரு மனு எழுதணும். எச்சரிக்கைப் பலகை எதுவும் இல்லாததாலதான் எம்மகன் போயிட்டான்னு. இன்னொரு பிள்ளை அங்கன எறங்கக் கூடாது. கூட இருந்தவ நீ. கீழ நீயும் ஒரு கையெழுத்துப் போடு."

சரி மாமா என்றேன்.

மே 28, புதன்

கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். 'மதிப்பிற்குரிய ஐயா' வரை வருகிறது. 'பலகை எதுவும் இல்லை' வரவில்லை.

போட்டோவைத் திறந்தேன். அழிக்கவா என்று போன் கேட்கிறது. அதுதான் கேட்கிறது. வேண்டாம் என்று அமுக்கினேன். மறுபடி திறந்தேன்.

அழித்தால்: யாருக்கும் தெரியாது. மாமாவுக்கு மகன் நல்லவனாகவே இருப்பான். எனக்கு மாமா, அத்தை இருப்பார்கள். மனு போகும். யாராவது அந்தக் கரைக்கு வந்து பார்த்து, பலகை இருக்கிறதே என்று ஒரு வரியில் திருப்பி அனுப்புவார்கள். முடிந்தது.

அழிக்காவிட்டால்: நான்.

ஷால் இன்னும் அங்கேதான் தொங்குகிறதா? யாராவது எடுத்திருப்பார்களா? இப்போது கோடை லீவு. வேன்கள் போகும். பசங்கள் இறங்குவார்கள். "ஏலே, குளின்னு போட்டிருக்குடா" என்று ஒருவன் சொல்வான். நிச்சயம் சொல்வான். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

சாப்பிடவில்லை.

மே 29, வியாழன்

டவுன் பஸ், தனியாக. அம்மாவிடம் டியூஷன் என்று பொய்.

மாமாவின் ஒர்க் ஷாப். ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனேன். ஒரு வண்டியைப் பிரித்துப் போட்டுவிட்டு, மாட்டாமல் அதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"மனு கொண்டாந்தியா தாயி?"

"இல்ல மாமா. அது காயப் போட்ட துணி இல்ல. என் ஷால். அதுக்குக் கீழதான் போர்டு."

போனை நீட்டினேன். எழுந்து வந்து, பனியன் வேஸ்ட் துணியில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினார். இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கினார். முகத்தை மட்டும்.

"சிரிக்கான்" என்றார்.

அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகுதான் படம் மேலே நகர்ந்தது. எழுத்துக் கூட்டிப் படிக்கிற பிள்ளை மாதிரி உதடு அசைந்தது. இங்கே. குளி.

"மிச்சம்?"

"குளிக்காதீர்னு இருந்துச்சு. மறைச்சேன். விளையாட்டுக்கு. அலை இல்லாத எடத்துல எறங்கச் சொன்னதும் நாந்தான் மாமா. நேரா நீந்தி வான்னு கத்துனதும் நாந்தான்."

ரோட்டில் பஸ் ஹாரன்.

"நீ மறைக்கதுக்கு முன்னாடி அவன் படிச்சானா?"

இந்தக் கேள்வியை நான் நினைத்துப் பார்க்கவே இல்லை. படிக்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஒரே ஒரு பொய். அது எனக்காகக்கூட இல்லை, மாமாவுக்காக. நாக்கு வரை வந்தது.

"படிச்சான் மாமா. படிச்சிட்டுத்தான் ரெண்டு பேரும் சிரிச்சோம்."

அவர் பழைய டயர் மேல் உட்கார்ந்தார். போனை என் பக்கம் நீட்டினார், முகம் என் பக்கம் திரும்பவில்லை.

"போ. பஸ்ஸப் புடி. பொழுது இருக்கையிலேயே வீட்டுக்குப் போயிரு."

ஏசவில்லை. காலடியில் ஸ்பானர் கிடந்தது, எடுத்து எறியக்கூட இல்லை. எறிந்திருக்கலாம்.

மே 30, வெள்ளி

அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். அடித்தாள். கரண்டியோடு அடித்தாள், பிறகு கரண்டியைப் பார்த்துவிட்டு அதைப் போட்டுவிட்டுக் கையால். அப்புறம் தரையில் உட்கார்ந்து, "அந்த எடத்துல நீ எறங்கியிருந்தா?" என்றாள். ராத்திரி தட்டில் சோற்றைப் போட்டு வைத்துவிட்டுப் போனாள்.

ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போன் இல்லை.

மே 31, சனி

வெயில். காலை ஏழு மணிக்கு மாமா.

"எழுதிட்டியா?"

"என்னத்த மாமா?"

"மனுவ. உள்ளத உள்ளபடி எழுது. போர்டு இருந்துச்சு. நீ மறைச்ச. அவன் படிச்சிட்டுத்தான் எறங்கினான். எம்மகன்னு எதையும் விடாத. பொறவு இதையும் எழுது. ஒரு பொம்பளப்பிள்ளை ஷாலப் போட்டா மறையுற போர்ட வச்சிட்டு, அம்புட்டுதான்னு போயிட்டாவ. எங்கன இழுக்கும், எப்பிடி இழுக்கும், இழுத்தா என்ன செய்யணும், ஒரு வார்த்தை இல்ல. கயிறு இல்ல, டியூப் இல்ல, விசில் ஊத ஒரு ஆளு இல்ல. ரெண்டையும் எழுது. ஒண்ண விட்டுட்டு ஒண்ண எழுதாத."

"சரி மாமா. இன்னைக்கே எழுதிக் கொண்டாரேன்."

"நீ வர வேண்டாம்."

பின்னால் ஷட்டரைத் தூக்கும் சத்தம்.

"உங்க அப்பாட்டக் குடுத்து விடு" என்று வைத்துவிட்டார்.

நான்கு பக்கம். அடித்தல் திருத்தல் இல்லாமல். படகுக்காரப் பெரியவர் சொன்னதை ஒரு சொல் மாறாமல் எழுதினேன். பக்கவாட்டில் நீந்து, மல்லாக்க மித, கையைத் தூக்கு. இதை அந்தப் பலகையில் பெரிதாக எழுதுங்கள், படமும் போடுங்கள் என்று கேட்டேன். என் பெயரை முதல் பக்கத்திலேயே எழுதினேன். கீழே கையெழுத்து. அப்பா வாங்கிப் பையில் வைத்தார்.

மதியம் அத்தையிடமிருந்து வாய்ஸ் மெசேஜ். ஒன்பது நொடி. "திங்கக்கிழமை பதினாறாம் நாள் காரியம். நல்ல போட்டோ வேற இல்ல. உன் போனுல அதப் பாத்தேன்னு மாமா சொன்னாவ. போர்டு தெரியாம, முகம் மட்டும் வெட்டி அனுப்பு." என் பெயர் சொல்லவில்லை.

வெட்டிப் பார்த்தேன். எப்படி வெட்டினாலும் ஷாலின் நுனி அவன் தலைமேல் வந்து விழுகிறது. காற்றடித்த நேரம் போல. அதைத் தவிர்த்து வெட்டினால் நெற்றி போய்விடுகிறது. வெறும் கண்ணும் சிரிப்பும்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்து ஸ்டுடியோவுக்குப் போனேன். மானிட்டரில் அவன் முகம் அவ்வளவு பெரிதாக வந்தது. ஸ்டுடியோ அண்ணன் மவுஸை நகர்த்தினார்.

"ரெண்டு நிமிசத்துல எடுத்துரலாம்மா. குறுக்க மஞ்சளா கெடக்கே, இது யாரோட துணி?"

"என்னோடதுண்ணே."

பிரிண்ட் நாளை பத்து மணிக்கு.