பின்சீட்டில் நீங்கள் பார்த்த வேலை

டீச்சர்,

இன்று காலை அறந்தாங்கிப் பட்டறையில், என் வண்டியின் அடியிலிருந்து கழற்றிய இரண்டு பழைய ரப்பர் புஷ் வளையங்களை மெக்கானிக் என் உள்ளங்கையில் வைத்தார். ஓரம் பிய்ந்து, கிரீஸும் சாலைப் புழுதியும் சேர்ந்த வாசனையோடு இருந்தன. "கம்பியப் புடிச்சிக்கிட்டு இருந்தது இதுதான் டீச்சர். பாருங்க, எவ்வளவு வேல பாத்திருக்குன்னு" என்றார். அந்தக் கம்பி வருவதற்கு முன்னால் அதன் வேலையைப் பார்த்தது யார் என்று அவருக்கும் தெரியும். மீதியை உங்களிடம்தான் பேச வேண்டும்.

நான் அறிவியல், நீங்கள் உடற்கல்வி. இருபது வருடத்துக்கு மேல் ஒரே பள்ளி. ஒருநாளும் பெயர் சொல்லி அழைத்துக்கொண்டதில்லை. நானும் டீச்சர், நீங்களும் டீச்சர். என் இடது காலில் சிறு வயதிலிருந்தே போலியோ. காலைத் தாங்கும் இரும்புக் கேலிப்பர் மாட்டித்தான் நடை. நாற்பது வயது வரை நான் எந்த ஊருக்கும் என் பாட்டுக்குப் போனதில்லை. பேருந்தில் யாராவது தூக்கி ஏற்றுவார்கள், யாராவது தூக்கி இறக்குவார்கள். அதனால்தான் ஸ்கூட்டருக்கு இரண்டு பக்கமும் சக்கரம் பொருத்தி அந்த மூன்று சக்கர வண்டியை வாங்கியபோது அப்படி அழுதேன். பெயர்தான் மூன்று சக்கர வண்டி. நடுவில் பழைய பின்சக்கரமும் அப்படியே இருப்பதால், எண்ணினால் நான்கு வரும். "சயின்ஸ் டீச்சர் வண்டியிலயே கணக்கு ஒதைக்கிதே" என்று சிரித்தீர்கள்.

"வண்டி வாங்குனது ஸ்கூலுக்கும் வீட்டுக்கும் மட்டுந்தானா?" என்று கேட்டதும் நீங்கள்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமையே சுடிதாரில் வந்து, இரண்டு பக்கமும் கால் போட்டுப் பின்சீட்டில் ஏறிக்கொண்டீர்கள். குடுமியான்மலைக்குப் போனோம். பாறையில் பொறித்த இசைக் கல்வெட்டின் முன்னால் நின்று, "எழுத்து தெரியிது, பாட்டுதான் கேக்க மாட்டேங்குது" என்றீர்கள். அதன்பிறகு எத்தனை ஞாயிறு, எத்தனை ஊர்!

ஒவ்வொரு வளைவிலும் உங்களுக்கு ஏதாவது கண்ணில் பட்டுவிடும். "அங்கிட்டு பாருங்க டீச்சர், என்னா தாமரை!" என்று வலது பக்கம் முழு உடம்பையும் வெளியே நீட்டுவீர்கள். அடுத்த வளைவில், "இங்கிட்டு ஒரு கொக்குக் கூட்டம்" என்று இடது பக்கம். நான் எரிச்சலோடு, "சின்னப்புள்ள மாதிரி தொங்காம ஒழுங்கா ஒக்காருங்க டீச்சர், நான் ரோட்டப் பாக்கணும்" என்பேன். "சரிங்க டீச்சர்" என்பீர்கள். அடுத்த வளைவில் மறுபடியும் தொங்குவீர்கள்.

இடுப்பு வலிக்கிறது என்று நான் பக்கவாட்டுச் சக்கரங்களின் ஷாக் அப்சார்பரில் மெல்லிய ஸ்பிரிங் போடச் சொன்னேன். "மெத்துனு இருக்கும் டீச்சர், ஆனா வளைவுல ஆடும்" என்றார் மெக்கானிக். போடச் சொல்லிவிட்டேன். எனக்கு ஓர் ஆட்டமும் தெரியவில்லை. வகுப்பில் பாடம் நடத்தும்போது என் வண்டியையே எடுத்துக்காட்டாகச் சொல்வேன்: "அடிப்பரப்பு அகலமா இருக்கிற பொருள் சாயாது. என் வண்டியப் பாருங்க, எந்த வளைவுலயாவது ஆடுதா?" ஜன்னலுக்கு வெளியே மைதானத்தில் நின்று நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள். ஒரு வார்த்தை சொல்லவில்லையே!

பணி ஓய்வுக்குப் பிறகு நீங்கள் ஜெகதாப்பட்டினத்தில் உங்கள் அண்ணன் வீட்டுக்குப் போனீர்கள். கொஞ்ச நாளில் சிகிச்சை என்று செய்தி வந்தது. உங்களைப் பார்க்க முதல்முறையாக அந்தத் தூரம் தனியாகக் கிளம்பினேன். கண்மாய்க்கரையில் சாலை வலது பக்கம் மடங்குகிற இடம். ஹேண்டிலைத் திருப்பினேன். இருக்கை இடது பக்கம் அமுங்கியது. வலது சக்கரம் தரையை விட்டு எழுந்தது எனக்குத் தொடையில் தெரிந்தது. நான் நடத்திய எந்தப் பாடமும் அந்த நொடியில் உதவவில்லை. வண்டி குடை சாய்ந்து, நான் கரைக்குக் கீழே சேற்றில் கிடந்தேன். மீன் வண்டியில் வந்தவர்கள் இறங்கி என்னைத் தூக்கினார்கள். சிராய்ப்புகள்தான், பெரிய அடி இல்லை. ஆனால் அந்தத் தூக்கல் வலித்தது. எத்தனையோ வருடம் கழித்து மறுபடியும் என்னை யாரோ தூக்குகிறார்கள்.

என் தம்பி போனில் முடிவே சொல்லிவிட்டான். "போதும்க்கா. வண்டியக் குடுத்துருவோம். எங்க போகணும்னாலும் ஆட்டோ சொல்லிக்கலாம்." நானும் சரி என்றுதான் சொன்னேன்.

அந்த மீன் வண்டியிலேயே வந்து இறங்கி, சேற்றுப் புடவையோடு உங்கள் முன்னால் உட்கார்ந்து, "வண்டியில திடீர்னு ஏதோ கோளாறு டீச்சர்" என்றேன். நீங்கள் தலையணையில் சாய்ந்தபடி என் புடவைச் சேற்றைப் பார்த்தீர்கள்.

"திடீர்னு இல்ல டீச்சர். அது மொத நாள்லேருந்தே இருக்கு."

"என்ன சொல்றீங்க?"

"நான்தான் பின்னாடி ஒக்காந்து, வளைவுக்கு வளைவு உள்பக்கமா தொங்கிக்கிட்டு வந்தேன்ல. நீங்க மெத்தென்னு ஸ்பிரிங் போட்டீங்க பாருங்க, அதுக்கப்புறம் இடுப்பே ஒடிஞ்சு போச்சு எனக்கு."

"அப்ப தாமரை? கொக்கு?"

"பாதி நேரம் ஒண்ணுமே இருக்காது" என்று சிரித்தீர்கள். சிரிப்பு இருமலில் முடிந்தது. "எங்கப்பா பாய்மரப் படகு ஓட்டுனவரு. காத்து ஒரு பக்கம் அமுக்குனா, எல்லாரும் மறுபக்கம் பலகையில போயி ஒக்காந்துருவாங்க. யாரும் யாருக்கும் சொல்றதில்ல. ஒடம்பே போயிரும். சின்னதுல பாத்தது."

"எங்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

"சொன்னா பயந்துருவீங்க. பயந்தா வண்டிய வீட்டுல போட்ருவீங்க. அப்புறம் நான் எதுல ஊர் சுத்துறது?"

நாம் போன சாலைகளை மனத்துக்குள் வளைவு வளைவாக ஓட்டிப் பார்த்தேன். என் கை திரும்பிய ஒவ்வொரு முறையும், எனக்குப் பின்னால் ஒரு முழு உடம்பு அந்தச் சக்கரத்தைத் தரையோடு அழுத்திப் பிடித்திருக்கிறது. மையநோக்கு விசை என்று கரும்பலகையில் அம்புக்குறி போட்டவள் நான். அந்த அம்புக்குறிப் பக்கம் உடம்பைக் கொடுத்தவர் நீங்கள்.

"வண்டியக் கொடுக்கப் போறேன்" என்றதும் உங்கள் முகம் மாறியது. "கொடுக்கிறதா? நான் எந்திரிச்சு நடக்கயிலயே அதச் சரி பண்ணணும். வர்ற ஞாயித்துக்கெழம நம்ம ஸ்கூல் மைதானம். அந்த மெக்கானிக் தம்பியையும் வரச் சொல்லுங்க."

ஆட்டோவில் வந்து இறங்கினீர்கள். காவலாளி நாற்காலி போட்டார். மெக்கானிக்கின் கையில் சுண்ணாம்புத் தூளைக் கொடுத்து, ஓட்டப்பந்தயத்துக்குப் போடுவதைப்போல ஓர் அகலமான வளைவுப் பட்டையை நிரப்பச் சொன்னீர்கள். "தம்பி, கோணலாப் போகுது. ஒங்களுக்கு எந்த டீச்சர் பாடம் எடுத்தது?" என்று அதட்டல் வேறு. நான் மெதுவாக ஓட்டிக் காட்டினேன். தூளில் மற்றச் சக்கரங்களின் தடம் முழுதாக இருந்தது. உள்பக்கச் சக்கரத்தின் தடம் நடுவில் ஒரு முழ நீளத்துக்குக் காணோம். அந்த வெள்ளை இடத்தையே பார்த்தேன். அதுதான் நீங்கள் இருந்த இடம்.

"நான் செஞ்சத இரும்பு செய்யணும் தம்பி" என்றீர்கள்.

அவர் வளைகுடாவில் வேலை பார்த்தவர். அங்கே நீண்ட பயணம் போகிற பெரிய மூன்று சக்கர மோட்டார் சைக்கிள்களைப் பார்த்திருக்கிறார். "அதுலயெல்லாம் ரெண்டு சக்கரத்தையும் ஒரு கம்பி சேத்துப் புடிச்சிருக்கும் டீச்சர். ஸ்டெபிலைசர்னு சொல்லுவோம். ஒரு பக்கம் அமுங்குனா கம்பி முறுக்கிக்கிட்டு எதுத்து நிக்கும்." எனக்கு உடனே புரிந்தது. ஈரப் போர்வையை இரண்டு பேர் ஆளுக்கொரு முனை பிடித்துப் பிழிகிறோம். ஒருவர் முறுக்குவது மற்றவர் கைக்கு அந்த நொடியே தெரிந்துவிடும். அப்படித்தான்.

பழைய சிறிய காரிலிருந்து எடுத்த கம்பியை அளவுக்கு வளைத்து, ரப்பர் புஷ் வைத்துப் பொருத்தினார். என் மெல்லிய ஸ்பிரிங்குகளைக் கழற்றிவிட்டுக் கெட்டியானவற்றைப் போட்டார். சக்கரங்களை இரண்டு பக்கமும் நான்கு விரற்கடை வெளியே தள்ளினார். அடுத்த ஞாயிறு மறுபடியும் மைதானம், சுண்ணாம்பு. இந்த முறை நீங்கள் பின்சீட்டில் ஏற வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தீர்கள். எவ்வளவு லேசாகிவிட்டிருந்தீர்கள்! ஏறி உட்கார்ந்தது எனக்குத் தெரியவே இல்லை.

வளைவு வந்தது. ஹேண்டிலைத் திருப்பினேன். இருக்கை அமுங்கவில்லை. எனக்குப் பின்னால் ஒரு கூச்சல்: "டீச்சர், நான் ஒண்ணுமே செய்யல! கையக் கட்டிக்கிட்டு நேரா ஒக்காந்திருக்கேன்!"

இறங்கிப் பார்த்தோம். தூளில் உள்பக்கத் தடம் ஓரிடத்தில் மட்டும் மங்கலாக, ஆனால் அறுந்துபோகாமல் இருந்தது. "இந்த மங்கலுக்கு கம்பி பத்தாது. இத நீங்கதான் செய்யணும்" என்று என் தோளைப் பிடித்து உள்பக்கம் சாய்த்தீர்கள். கேலிப்பர் கால் ஊன்றாது. இடுப்பிலிருந்துதான் சாய வேண்டும். ஒரு முழுக் காலை எனக்கு அதைப் பழக்கினீர்கள். "இன்னும் டீச்சர், இன்னும். விழ மாட்டீங்க."

அடுத்த வாரம் கண்மாய்க்கரை வளைவைத் தனியாகக் கடந்தேன். பயந்தபடிதான், ஆனால் சாய்ந்து கடந்தேன். வண்டிச் சத்தம் கேட்டு நீங்கள் சுவரைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தீர்கள். என் முகத்தைப் பார்க்கவில்லை. முதலில் என் புடவையைப் பார்த்தீர்கள். சேறு இல்லை. அப்புறம்தான், "வாங்க டீச்சர்" என்றீர்கள்.

மழைக்காலத்துக்கு முன்பே போய்விட்டீர்கள். கடைசியாக உங்களைப் பார்க்க வரும்போது கண்ணீர் சாலையை மறைத்தது. அந்த வளைவில் உடம்பு மட்டும் தன் வேலையைச் சரியாகச் செய்தது.

அந்தப் பழக்கம் இப்போது என்னை விடமாட்டேன் என்கிறது டீச்சர். தம்பியின் காரில் போனாலும், பேருந்தில் போனாலும், வளைவு வந்தால் உட்பக்கமாகச் சாய்ந்துவிடுகிறேன். அவ்வளவு பெரிய பேருந்துக்கு என் சாய்வால் ஒன்றும் ஆகாது. கணக்குப் போட்டே நிரூபிப்பேன். போன வாரம் பக்கத்து சீட்டு அம்மா பதறி என் தோளைப் பிடித்தார். "என்னங்க, மயக்கமா வருதா?"

"இல்லங்க, வளைவு" என்றேன்.

டிரைவர் தன் பாட்டுக்கு ஓட்டிக்கொண்டிருந்தார்.