மாடத்துக்கு வாங்கிய டிவி

ஜூலை 9, வியாழன்

ஸ்பீக்கர் மாட்டித் தரும் சேவியர், டிவியையும் தானே வாங்கித் தருவதாகப் போன வாரம் சொன்னார். மாட்டுகிறவரே விற்றால் தமக்கு லாபமானதைத்தான் தலையில் கட்டுவார் என்று மறுத்துவிட்டேன். கூடத்துச் சுவர் மாடத்தின் அகலத்தை நானே டேப் வைத்து அளந்தேன். சரியாக ஐம்பத்தைந்து அங்குலம். புதுக்கோட்டைக்குப் போய் ஐம்பத்தைந்து அங்குல டிவி வாங்கி வந்தேன்.

இன்று அதை மாடத்தில் வைத்தால் இரண்டு பக்கமும் நான்கு விரல் இடைவெளி!

சேவியர் தலையைச் சொறிந்தார். "டீச்சரம்மா, டிவிய மூலைக்கு மூலை சாய்வாத்தான் அளப்பாங்க. கணக்கு வகுப்புல கர்ணம் தெரியலன்னு என்னைய பெஞ்சு மேல ஏத்துனது நீங்கதானங்க?"

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. "அப்ப நானும் ஏறி நிக்கவா?"

"வேணாங்க, முட்டி போயிரும்."

அந்த இடைவெளியிலேயே ஒல்லியான இரண்டு ஸ்பீக்கர்களை அழகாக நிறுத்திவிட்டார். அவரே விற்றிருந்தால் முதலில் ஒழுங்காக அளந்திருப்பார்.

அரிமளத்துத் தங்கையும் டிவி வாங்கப் போகிறாளாம். சேவியரிடமே வாங்கச் சொன்னேன். "போன வாரம் கூடாதுன்னியேக்கா, என்னாச்சு?" என்று துருவினாள். அதை மட்டும் சொல்லவில்லை.