போர்த்திய துணி அசைந்தது

கீழ்பென்னாத்தூர்

அன்புள்ள அண்ணன் அறிவுச்செல்வனுக்கு,

தங்கை மதிவதனி எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. நீ வேளைக்குச் சாப்பிட்டு வேலைக்குப் போனால் எனக்கு அது போதும்.

நான் கூப்பிட்டால் நீ எடுப்பதில்லை. எடுத்தாலும் நீ சத்தம் போட்டதும் எனக்குப் பேச்சு நின்றுவிடும். அதனால்தான் சார்ஜாவுக்குத் திரும்பும் திருமலை அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன். கொல்லையில் மல்லாட்டை பிடுங்கியாகிவிட்டது. அந்தக் கடலையை வறுத்து இடித்த பொடியும் இதோடு இருக்கிறது. காரம் ஜாஸ்தியாகிவிட்டது, பொறுத்துக்கொள். வறுத்தது நான், அம்மா இல்லை.

அம்மா இப்போது அடுப்புப் பற்றவைப்பதில்லை. தீக்குச்சியை உரசினதுமே ஊதி அணைத்துவிடுகிறார்கள். டவுனில் வேலை முடிந்து நான் வந்து பற்றவைத்தால் உண்டு, இல்லாவிட்டால் பழைய சோறுதான். போன பௌர்ணமிக்கு மலை சுற்ற வந்த கூட்டத்தில் எனக்குப் பஸ் கிடைக்கவில்லை. மறுநாள் வந்து பார்த்தேன். வெறும் தண்ணீரைக் குடித்துவிட்டு உட்கார்ந்திருந்தார்கள்.

அப்பாவின் காரியம் முடிந்த அன்று நீ அம்மாவிடம் போனில் சொன்னது எனக்கும் கேட்டது. "மூச்சு இருந்த மனுசனத்தான கொளுத்துனீங்க" என்றாய். அப்பாவை எடுக்கும்போது பக்கத்து வீட்டுப் பிரசாத் உனக்காகப் பிடித்திருந்த வீடியோ காலில் அப்பாவின் நெஞ்சு ஏறி இறங்கியதாம். எடுக்காதீங்க என்று நீ கத்தினாயாம். மேளச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. மழை வருவதற்குள் எடுத்துவிடலாம் என்று அன்று சொன்னது அம்மா. "நான் அவசரப்படுத்திட்டேனாடி?" என்று இன்றுவரை என்னைக் கேட்கிறார்கள்.

என் வேலையைப் பற்றி நீ கேலி செய்வாயே, கம்ப்யூட்டரில் துணி தைக்கிற டைலர் என்று. பாதி சரிதான். அனிமேஷன் படத்தில் வரும் ஆட்களின் உடுப்பு எப்படி மடிய வேண்டும், எப்படி விழ வேண்டும் என்று பார்ப்பதுதான் செங்கம் ரோட்டு அறையில் உட்கார்ந்து நான் செய்வது. துணியை ஒரு வலை மாதிரி கணக்குப் போட்டு, ஒவ்வொரு முடிச்சையும் கம்ப்யூட்டர் இழுத்து விடும்.

போன வாரம் ஒரு காட்சி வந்தது. செத்துக் கிடக்கும் ராஜா, மேலே ஒரு வெள்ளைத் துணி. அந்த ராஜாவுக்கு உள்ளே ஒன்றும் கிடையாது. காலிப் பானை மாதிரி வெறும் தோல். காட்சியில் காற்றும் வைக்கவில்லை. ஆனாலும் நெஞ்சின் மேல் துணி ஏறி ஏறி இறங்கியது. சென்னையிலிருந்து கஸ்தூரி மேடம் பார்த்துவிட்டு, "ஏம்மா, உன் பொணம் மூச்சு விடுதே" என்றார். மீட்டிங்கில் எல்லோரும் சிரித்தார்கள். நான் கேமராவை அணைத்துவிட்டேன்.

துணி உடம்பைத் தொட்டதும் கம்ப்யூட்டர் அதை வெளியே தள்ளும். அதன் கனம் உள்ளே இழுக்கும். இந்தத் தள்ளலும் இழுப்பும் நிற்காவிட்டால் மூச்சு மாதிரியே தெரியும். இந்தத் தொழிலில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்த கோளாறுதான். கடைசியில் துணியை அசையாமல் நிறுத்திவிட்டேன். மேடம் நல்லா இருக்கு என்றார். எனக்கு அதைப் பார்க்க முடியவில்லை.

பிறகுதான் அந்த வீடியோ காலைப் பதிந்து நீ அனுப்பியிருந்ததைத் திறந்தேன், அதுவரை தைரியம் இல்லை. ஈ மொய்க்கக் கூடாது என்று அம்மா அப்பாவின் கால்மாட்டில் டேபிள் ஃபேன் வைத்திருந்தார்கள். அது அப்பா பக்கம் திரும்பும்போது முதலில் கால் பக்கத்துத் துணி நுனி ஆடுகிறது, அப்புறம் நெஞ்சு ஏறுகிறது. ஒவ்வொரு தடவையும் அப்படித்தான். மூச்சு காலிலிருந்து வராது, அண்ணா.

நீ இதையும் நம்பாமல் போகலாம். கம்ப்யூட்டரில் இல்லாத ஒன்றையும் சொல்கிறேன். கோடித் துணி போர்த்தியபோது மடிப்பு கோணலாக இருந்தது. கோணலைப் பார்த்தால் என் கை சும்மா இருக்காது. உள்ளே கைவிட்டு நீவினேன். நீவி முடித்தும் கையை எடுக்க மனம் இல்லாமல் அப்பா நெஞ்சிலேயே வைத்திருந்தேன். பெரியம்மா அதட்டும்வரை வைத்திருந்தேன். விடியற்காலை துவைக்கிற கல் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. ஒன்றும் இல்லை, அண்ணா. நானும் ஏதாவது இருக்காதா என்றுதான் வைத்திருந்தேன்.

உனக்கு லீவு தரவில்லை. பத்துப் பேர் படுக்கிற ரூமில் போனைப் பிடித்துக்கொண்டு நீ நின்றது எனக்குத் தெரியும். நீ வந்து சேரும்வரையாவது அவர் இருந்திருக்கக் கூடாதா என்றுதான் உன் கண் அந்தத் துணியையே பார்த்திருக்கும்.

துணி அசைந்த அந்த ராஜாவை அம்மாவுக்குக் காட்டி எல்லாம் சொன்னேன். கடைசிவரை பார்த்துவிட்டு, "இந்த ராஜாவுக்குப் புள்ள இருக்கானா?" என்று கேட்டார்கள். பிறகு, "நீ சொல்லி என்னாடி, அவன் வாயால வரட்டும்" என்று எழுந்து போய்விட்டார்கள்.

நீ மன்னிப்பு எதுவும் கேட்க வேண்டாம். ஃபேனைப் பற்றியும் பேச வேண்டாம். ஒரு நாள் காலையில் அம்மாவைக் கூப்பிட்டு, "அடுப்பப் பத்த வைம்மா, பசிக்குது" என்று மட்டும் சொல். மற்றதை அவர்களே புரிந்துகொள்வார்கள்.

நீ கூப்பிடுவாய் என்று போன் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கும் அம்மாவுக்காக,

உன் தங்கை
மதிவதனி