மூன்றாவது வரிசைச் செடிகள்

3 மார்ச்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் நலந்தானே? ஒன்றரை வருஷமாக என் கடிதம் எதற்கும் பதில் இல்லை. திட்டியாவது எழுதக் கூடாதா?

ஒரு சந்தேகம், உன்னைத்தான் கேட்க முடியும். பூ மலர்ந்த பதினாறாம் நாளிலிருந்து பீன்ஸ் விதைக்குள் சேமிப்புப் புரதம் சேர்கிறது, விதை முற்ற முற்ற ஏறிக்கொண்டே போகிறது என்று ஆய்வேட்டில் எழுதியிருக்கிறேன். மூன்றாவது வரிசையில் மட்டும் பதினெட்டு நாள் விதையைவிட இருபது நாள் விதையில் குறைவாக இருக்கிறது. ஏன் என்று தேர்வாளர் கேட்டிருக்கிறார். இருபதாம் தேதி வாய்மொழித் தேர்வு.

அன்புத் தங்கை

9 மார்ச்

தங்கச்சிக்கு,

‘அன்புள்ள’ போடக் கை வரவில்லை.

நான் காய்ச்சலோடு ஆஸ்பத்திரியில் கிடந்த மூன்று நாளும், விதையின் வயதைப் பின்னால் கணக்கிட, அந்த மூன்றாவது வரிசைப் பூக்களுக்கு நூல் கட்டச் சொன்னேன். திங்களன்று மலர்ந்த பூவுக்குச் சிவப்பு, செவ்வாய்க்கு நீலம், புதனுக்குப் பச்சை. “தினமும் போய்க் கட்டிட்டேன்க்கா, நீ நிம்மதியாத் தூங்கு” என்று என் தலையைத் தடவினாய்.

தோட்டக்காரர் பிறகு சொன்னார்: “அந்தப் பொண்ணு புதன்கிழமைதாம்மா வந்துச்சு. மூணு நூலையும் அஞ்சு நிமிஷத்துல கட்டிட்டுப் போயிடுச்சு.” எந்தப் பூ எந்த நாள் மலர்ந்தது என்று உனக்கு எப்படித் தெரியும்? கைக்கு வந்த நிறத்தைக் கட்டியிருக்கிறாய். அந்த வரிசையில் எது பதினெட்டு நாள் விதை, எது இருபது நாள் விதை என்று யாராலும் சொல்ல முடியாது.

உன்னைக் காட்டிக்கொடுக்க மனசு வரவில்லை. என் ஆய்வு நோட்டில் எண்களெல்லாம் பேனாவில் இருந்தன. அந்த வரிசையைப் பென்சிலால் சுழித்து ‘வேண்டாம்’ என்று எழுதினேன். அட்டையில் என் பெயரும் பென்சில்தான். நோட்டைத் திருடிக்கொண்டு போன நீ இரண்டையும் அழித்துவிட்டாய்.

அக்கா

13 மார்ச்

அக்கா,

உன் காலில் விழுகிறேன். அந்த வரிசைக்கு நூல் கட்டியது நீதான், தவறு உன்னுடையது என்று தேர்வாளருக்கு ஒரு வரி எழுதிவிடு. நீதான் ஆய்வையே விட்டுவிட்டாயே, உனக்கு இதில் என்ன நஷ்டம்?

தங்கை

16 மார்ச்

தங்கச்சிக்கு,

நானாகவா விட்டேன்? நோட்டுப் போனதோடு நான்கு வருஷ உழைப்பும் போயிற்று. இப்போது ஒரு பள்ளிக்கூட ஆய்வகத்தில் குடுவை கழுவுகிறேன். ஒவ்வொரு குடுவையிலும் உன் முகம்தான் தெரிகிறது.

தேர்வாளருக்கு ஒரு வரி எழுதச் சொல்கிறாய். உன் ஆய்வேடு அவர் கைக்குப் போன ஜனவரியிலேயே எழுதிவிட்டேன். ‘மூன்றாவது வரிசையைப் பற்றிக் கேளுங்கள்’ என்று.

இருபதாம் தேதி லீவு சொல்லியாயிற்று. வாய்மொழித் தேர்வுக்கு யார் வேண்டுமானாலும் வந்து கேட்கலாமே, முன்னால்தான் உட்காருவேன். யார் நூல் கட்டினார்கள் என்று அவர் கேட்கும்போது நீ என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பதில் சொல்ல வேண்டும்.

இந்த முறை எனக்குக் காய்ச்சல் இல்லை.

அக்கா