பத்து மணிக்கு உன் முன்னால் இருப்பது

கோவில்பத்து, காரைக்கால்
ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் சஃபியுல்லாவுக்கு உம்மா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நானும் வாப்பாவும் சுகம், உனக்கு உடம்பும் மனசும் சேர்ந்தே சுகமாக இருக்க வேண்டும் என்று ஒவ்வொரு தொழுகையிலும் கேட்டுக்கொண்டிருக்கிறேன். நேற்றுத்தானே போனில் பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடுதாசி என்று சிரிப்பாய். சிரி, காரணம் இருக்கிறது, சொல்கிறேன். பக்கத்துத் தெரு தௌஃபீக் லீவு முடிந்து வியாழக்கிழமை சவூதிக்கு, நீ இருக்கிற தம்மாமுக்கே திரும்புகிறான், அவன் பெட்டியில்தான் இது வருகிறது. கூடவே இறால் ஊறுகாய் ஒரு பாட்டில், ரூமில் எல்லாருக்கும் கொடு, ஆனால் பாட்டிலையே தூக்கிக் கொடுத்துவிடாதே.

இங்கே மழை விட்டபாடில்லை, தெருமுனைச் சாக்கடை அடைத்துக்கொண்டு தண்ணீர் வாசல்வரை வந்துவிட்டுப் போகிறது. வாப்பாவுக்கு முழங்கால் வலி அப்படியேதான், தினம் நடக்கச் சொன்னார் டாக்டர், இவர் டீக்கடைவரை நடந்துவிட்டு அதுவே போதும் என்கிறார். உன் தங்கை ஆஃப்ரின் போன வாரம் நாகூரிலிருந்து வந்து நான்கு நாள் இருந்தாள், அவள் மகன் இப்போது எதைக் கண்டாலும் ஏறுகிறான், டிவி மேசையில்கூட ஏறிவிட்டான். பார், எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன். இதற்குள் மூன்று தரம் எழுந்துபோய் அடுப்பைப் பார்த்துவிட்டு வந்தேன், அடுப்பில் ஒன்றுமே இல்லை. இப்போதெல்லாம் எனக்கு ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை, உனக்கு எழுதுவதற்குக்கூட.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம் அரசுப் பள்ளிக்கூடங்கள் சிபிஎஸ்இக்கு மாறியதிலிருந்து புதிது புதிதாக ஏதாவது வந்துகொண்டே இருக்கிறது, இந்த வருஷம் டிசைன் திங்கிங். பாண்டிக்குக் கூப்பிட்டுப் பயிற்சி கொடுத்து, எட்டாம் வகுப்புக்கு நீங்களே எடுங்க டீச்சர் என்று என் தலையில் கட்டிவிட்டார்கள். பெயர்தான் பெரிசு. ஒருத்தருக்கு என்ன கஷ்டம் என்று அவரிடமே போய்க் கேட்க வேண்டும், நடுவில் யோசனை சொல்லாமல் ஏன் ஏன் என்று கேட்டுக்கொண்டே போக வேண்டும். பிறகு அசல் பிரச்சினையை ஒரே வரியில் எழுதி, தோன்றுகிற வழிகளையெல்லாம் கொட்டி, அதில் ஒன்றைப் பொறுக்கி அட்டையிலோ களிமண்ணிலோ ஒரு மாதிரி செய்து, அவரிடமே கொடுத்துப் பார்க்க வேண்டும். நம் பிள்ளைகளுக்கு மாதிரி என்றால் தெர்மகோலில் எரிமலைதான் தெரியும். கேள்வி கேட்டுவிட்டு வாருங்கள் என்று அனுப்பினால் வீட்டில் உட்கார்ந்து பதிலையும் தாங்களே எழுதிக்கொண்டு வருகிறார்கள், எல்லாத் தாளிலும் கொசுத்தொல்லை. எனக்கு வந்த கோபத்தில், எங்கேயும் போக வேண்டாம், என்னையே கேளுங்கள், எப்படிக் கேட்பது என்று காட்டுகிறேன் என்று வகுப்புக்கு நடுவில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சின்னக் கஷ்டமாக ஒன்றைச் சொல்லி வைப்போம் என்று, என் போனில் மத்தியானத்துக்குள் சார்ஜ் தீர்ந்துவிடுகிறது என்றேன்.

நெடுங்காட்டிலிருந்து வருகிற அகரன் என்ற பையன் முதலில் எழுந்தான், ஏன் மிஸ் தீருது என்றான். அடிக்கடி எடுத்துப் பார்க்கிறேன் என்றேன். ஏன் பாக்குறீங்க. என் மகன் ஆன்லைனில் இருக்கிறானா என்று பார்க்க. இருந்தா பேசுவீங்களா மிஸ் என்றாள் ஒருத்தி. இல்லை, அந்த நேரத்தில் அவன் இருக்கக் கூடாது, அதைத்தான் பார்க்கிறேன் என்று வாயில் வந்துவிட்டது. அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் விடாமல் கேளுங்கள் என்று சொல்லிக்கொடுத்ததே நான்தானே, வகுப்பு மொத்தமும் ஏன் மிஸ், ஏன் மிஸ் என்று பிடித்துக்கொண்டது.

ஏன் என்று உனக்கும் தெரியும் தம்பி. குடோனுக்குள் நுழையுமுன் கேட்டிலேயே போனை வாங்கி வைத்துவிடுவார்கள், மத்தியானம்தான் கைக்கு வரும் என்று நீதானே சொன்னாய். நமக்குப் பன்னிரண்டரை என்றால் உனக்குப் பத்து. சாப்பாட்டு மணி அடித்து நான் டப்பாவைத் திறக்கிற நேரம், அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பில் உன் பெயருக்குக் கீழே ஒரு நாளும் ஒன்றும் இருந்ததில்லை. ஹஜ் பெருநாளுக்குப் பிறகு தினமும் ஆன்லைன் என்று இருக்கிறது. போன் பண்ணினால் வேலை ஜாஸ்தி உம்மா என்கிறாய், வீடியோவில் வா என்றால் நெட் சரியில்லை என்கிறாய். வாப்பாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிற மனுஷன். பள்ளிவாசலில் யார் கேட்டாலும் பையன் அங்க ஸ்டோர் கீப்பர்ங்க என்றுதான் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

கடைசியில் நௌஷின் எழுந்தாள், அவள் வாப்பா குவைத்தில் இருக்கிறார். அப்ப நீங்க ஏன் மிஸ் அண்ணங்கிட்டயே கேக்கல என்றாள். கேட்டால் அவன் பொய் சொல்ல வேண்டி வரும், என் பிள்ளையைப் பொய் சொல்ல வைக்க எனக்கு மனசு வரவில்லை என்றேன். எனக்கும் அதுவரை அதுதான் காரணம் என்று தெரியாது தம்பி. நம் வீட்டு விஷயத்தை நாற்பது பிள்ளைகள் முன்னால் போட்டு உடைத்ததற்குக் கோபித்துக்கொள்ளாதே, உன் பெயரைச் சொல்லவில்லை.

மறு வாரம் மாதிரிகளோடு வந்தார்கள். அகரன் செருப்பு டப்பாவில் பூட்டுப் போட்டுக் கொண்டுவந்தான், போனை இதுல வச்சிட்டு சாவிய எங்கிட்டக் குடுத்துருங்க மிஸ், பாக்கலன்னா கவலையே இல்ல என்றான். சிரிப்பும் வந்தது, ஓங்கி ஒன்று வைக்கலாம் போலவும் இருந்தது. நௌஷின் கூட்டத்தார் கையில் ஒன்றுமே இல்லை. கஷ்டம் உங்களுக்கு மட்டும் இல்ல மிஸ், அண்ணனுக்கும்தான், அவங்களால வாயத் தொறந்து சொல்ல முடியல என்றாள். அவள் வாப்பா ஆஸ்பத்திரியில் படுத்துக்கொண்டே நல்லாருக்கேன் நல்லாருக்கேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாராம். போன்ல கேட்டா அந்த நிமிசமே பதில் சொல்லணும், அதான் பொய் வந்துருது, லெட்டர் எழுதுங்க மிஸ், படிச்சிட்டு ரெண்டு நாள் சும்மா இருக்கலாம்ல என்றாள். அதிலும் கேள்வி எதுவும் கேட்கக் கூடாதாம். ஒரு போட்டோ மட்டும் கேட்க வேண்டுமாம்.

ஆகவே, இந்தக் கடுதாசிதான் அவர்கள் செய்த மாதிரி, சோதித்துப் பார்க்கிற இடம் நீ. உனக்கு வசதிப்பட்ட ஒரு நாள் காலையில், பத்து மணிக்கு உன் கண் முன்னால் என்ன இருக்கிறதோ அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. ஒரு வார்த்தையும் எழுத வேண்டாம். குடோன் கேட்டாக இருந்தால் கேட், ரூமில் கட்டிலாக இருந்தால் கட்டில், வெறும் சுவராக இருந்தால் சுவர். நான் திருப்பி ஒன்றும் கேட்க மாட்டேன், சத்தியமாக.

இதற்கு மேல் நான் எழுதக் கூடாது என்பது நௌஷினின் கட்டளை, ஆனால் அவள் என்னைப் பெத்தவள் இல்லையே, எழுதுகிறேன். வேலை போயிருந்தால் போகட்டும். அந்தக் குடோனை நம்பியா உன்னைப் பெற்றேன். டிக்கெட் போட்டு வந்து சேர், வாப்பாவிடம் நான் பேசிக்கொள்கிறேன், தெருவில் எவனாவது ஏதாவது கேட்டால் அவனிடமும் நான் பேசிக்கொள்கிறேன். நான் நினைப்பதெல்லாம் தப்பு, ஷிப்டு மாறியிருக்கிறது, அவ்வளவுதான் என்றால் என்னைப் போட்டுத் திட்டு, சந்தோஷமாக வாங்கிக்கொள்கிறேன். ஒன்றும் தெரியாமல் இருப்பதுதான் தாங்க முடியவில்லை சஃபி. பாடம் நடத்தும்போதே பாதி வாக்கியத்தில் நின்றுவிடுகிறேன்.

வேளைக்குச் சாப்பிடு, வெயிலில் வெறுந்தலையோடு அலையாதே, பஜ்ர் தொழுகையை விட்டுவிடாதே, ஊறுகாயைத் தௌஃபீக்கிடம் மறக்காமல் கேட்டு வாங்கு. அல்லாஹ் உன்னை எந்த இடத்திலும் தனியாக விடாமல் இருக்க துஆ செய்கிறேன். நேற்றுப் பிள்ளைகளிடம், போட்டோ வந்தாலும் அதை உங்களுக்குக் காட்ட மாட்டேன் என்று சொல்லிவிட்டேன். காட்ட வேணாம் மிஸ், எந்தப் போட்டோ வந்தாலும் பாஸ்தான் என்றார்கள். வராவிட்டால் என்று கேட்டேன். வரலன்னா எங்க மாதிரிதான் தப்பு மிஸ், அண்ணன் மேல தப்பு இல்ல, நாங்க வேற ஒண்ணு செய்வோம் என்றாள் நௌஷின். அவர்கள் செய்வார்கள், இன்னும் பத்து வேண்டுமானாலும் செய்வார்கள். எனக்கு அந்தப் பொறுமை இல்லை தம்பி. அனுப்பு.

உன் நினைப்பாகவே இருக்கும்
உம்மா
சித்திக்கா