நெம்புகோலில் சந்தனம்

2025 ஜூன் 29, ஞாயிறு
ஓடிவிட்டது! ரபீக் பாயின் லேத் பட்டறையில், இரும்பு ஸ்டாண்டின் மேல், பாயும் நானும் செய்த எஞ்சின் நாற்பது நிமிடம் நிற்காமல் ஓடியது. வண்டி காலியாக இருந்தால் பெட்ரோலையும் காற்றையும் ஜாஸ்தியாக அழுத்தும். ஆள் ஏறினால் தானாகவே கம்மி செய்துகொள்ளும். பக்கவாட்டில் ஒரு சின்ன நெம்புகோல், எல்லா வேலையும் அதனுடையது. "இதெல்லாம் பெரிய காருக்குத்தான் மேடம்" என்று சென்னையில் சிரித்தவர்களை வரிசையாக நிற்க வைத்துக் காட்ட வேண்டும் போலிருந்தது. பாயும் நானும் டீ கிளாஸை இடித்துக்கொண்டோம். கிளாஸ் உடைந்தது.

ஜூலை 1
அப்பா வேனைத் தருகிறார்! கீழ்பென்னாத்தூருக்கும் திருவண்ணாமலைக்கும் ஆள் ஏற்றி ஓட்டும் அதே வேன். "பௌர்ணமி அன்னிக்கு எட்டு பேர ஏத்திக்கினு மேம்பாலம் ஏறணும். ஏறலன்னா பழைய எஞ்சினப் போட்டுட்டு, பதினாலாந்தேதி சென்னை வேலைல போய்ச் சேந்துடு" என்றார். சரி என்றேன். யோசித்தேனா? இல்லை. வேலைக் கடிதம் பையில்தான் இருக்கிறது.

ஜூலை 3
முன் சீட்டுக்கு அடியில் அடங்கிவிட்டது. இரண்டு விரற்கடை இடம் மிச்சம். இரண்டு விரற்கடை!

ஜூலை 4, வெள்ளி
பூஜை. சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம்பழம் நசுங்கியது. அம்மா சீட்டைத் தூக்கி எஞ்சினுக்கே சந்தனம் அப்பிக் குங்குமம் வைத்தாள். கல்யாணக் களை வந்துவிட்டது. போட்டோ எடுத்துக்கொண்டேன்.

ஜூலை 6
எட்டு பேரை ஏற்றி ஒத்திகை பார்த்தோம். மேம்பாலத்தில் பாதி ஏறும்போதே எஞ்சின் டக்டக்கென்று தட்ட ஆரம்பித்தது. அப்பா ஓரங்கட்டி நிறுத்திவிட்டார். எட்டு பேரையும் இறக்கி பஸ் ஏற்றிவிட்டார். திட்டியிருக்கலாமே! எங்க தப்பு? கணக்குலயா? ஸ்டாண்டு மேல நல்லாத்தான ஓடுச்சு — ஒண்ணும் புரியல.

ஜூலை 7
சாப்பிடவில்லை.

ஜூலை 8
சந்தனம்!
சீட்டைத் தூக்கிப் பார்த்தால் நெம்புகோல் அசையவே இல்லை. அம்மா அப்பியது சரியாக அதன் மூட்டின் மேல். எஞ்சின் சூட்டில் காய்ந்து செங்கல் ஆகிவிட்டது. எட்டு பேர் ஏறியும் காலி வண்டிக்கான அழுத்தத்திலேயே நின்றால், தட்டாமல் என்ன செய்யும்? பாய் தலையைச் சொறிந்தார். "நான் அன்னிக்கே பாத்தேம்மா. சாமி விஷயம், நான் எப்டி வாயத் தொறக்கறதுன்னு உட்டுட்டேன்." நான் மட்டும் என்னவாம்? பக்கத்தில் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டிருந்தேன்! பல் தேய்க்கும் பிரஷால் இருவரும் சுரண்டினோம். சிரித்துச் சிரித்துப் பாய்க்கு விக்கல் வந்துவிட்டது.

ஜூலை 10, பௌர்ணமி
ஏறியது. எட்டு இல்லை, பதினொரு பேர்! பாலத்து உச்சியில் அப்பா திரும்பி, "எஞ்சின் ஓடுதா இல்லியா? சத்தத்தையே காணோம்" என்றார்.

ஜூலை 14
பட்டறை வாசலில் மூன்று வேன்கள். எல்லாம் அப்பா கூட்டி வந்தவை. சுவரில் அம்மா சொல்லி, பாய் எழுதிய பலகை: பொட்டு ஸ்டியரிங்குக்கு மட்டும். "அளவு குறிக்கப் பேப்பர் எதனா இருக்குதாம்மா?" என்றார் பாய். பையைத் துழாவினேன். சென்னைக் கடிதத்தைத் திருப்பி, வெள்ளைப் பக்கத்தில் முதல் வேனின் அளவுகளை எழுதினேன்.