உங்கள் மகனுக்கும் வரும்

அன்புள்ள மாமா,

டாக்டருக்குப் பதில் சொல்லாமலே போட் இன்ஜின் வேலை என்று விசாகப்பட்டினத்துக்கு ரயிலேறிவிட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

உங்கள் தங்கை வளைகாப்பில், பிள்ளை இல்லாதவள் என்று என்னை வளையல் போட யாரும் கூப்பிடவில்லை. வெளியே நின்றிருந்த நீங்கள் நேராகப் பந்தலுக்குள் வந்தீர்கள். "கொறை எங்கிட்ட கீது, அவகிட்ட இல்ல. டாக்டரே சொல்லிட்டாரு. கைய நீட்டு, அண்ணி போடட்டும்" என்று உங்கள் அம்மா முன்னாடியே சொன்னீர்கள். காத்திவாக்கத்தில் எந்த ஆம்பளை இப்படிச் சொல்லியிருக்கிறான்? அன்றிலிருந்து குழாயடியில் எனக்கு நடையே மாறிவிட்டது.

போன வாரம் டாக்டர் விளக்கியதை நானும்தான் கேட்டேன். ஆண்களுக்கு மட்டும் இருக்கும் ஒய் குரோமோசோமில் உங்களுக்கு ஒரு சின்னத் துண்டு இல்லை. அதனால் விந்தணு மிகவும் குறைவு. இருப்பதில் ஒன்றை எடுத்து என் கருமுட்டைக்குள் ஊசியால் செலுத்தினால் பிள்ளை பிறக்க வழி உண்டு. மகள் என்றால் பிரச்சினை இல்லை. மகன் என்றால் அவனுக்கும் அந்தத் துண்டு இருக்காது. அதைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டீர்கள்.

"எம்புள்ளையும் நாலு பேர் முன்னால இப்புடி நிக்கணுமா?" என்று படிக்கட்டில் கேட்டீர்கள். அதற்குப் பதிலை இப்போது சொல்கிறேன்.

நீங்கள் எப்படி நின்றீர்கள் என்று பந்தலில் நான் பார்த்தேன். உங்கள் மகனும் ஒருநாள் அவன் பெண்டாட்டிக்காக அப்படி நிற்கட்டும்.

புதன்கிழமை வருகிறோம் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன்.

உங்கள் தங்கைக்கு வளையல் போட்டவள்